தரைக்கு அடியில் அடுப்பு, தலைக்கு மேல் அடுப்பு

(தாம்பரம் பகுதிக் குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘எட்டாம் வகுப்பு வெப்பம் பாடத்தை வாழ்க்கையோடு இணைத்தல்’. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று சொற்கள். கரண்டியின் காம்பு, கொதிக்கும் உலைநீர், சூரியன் என்று மூன்று எடுத்துக்காட்டுகள். பதினைந்து ஆண்டுகளாக நானும் இப்படித்தான் நடத்தி வந்தேன். நீங்களும் பெரும்பாலும் அப்படித்தான் நடத்துவீர்கள். அந்தப் பாடத்தை எனக்கு மறுபடியும் நடத்தியவர்கள் என் வகுப்பு மாணவர்கள் இருவர். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மார்கழி மாதம், காலை இரண்டாம் பாடவேளை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். “சார், கொரியாவுல வீட்டுத் தரைக்குக் கீழயே சூடு வைப்பாங்களாம் சார். சீரியல்ல பார்த்தேன். எல்லாரும் கீழதான் படுக்கறாங்க. நம்ம வீட்லயும் அப்படி வைக்க முடியுமா? எங்க ஆயா காலைல டைல்ஸ்ல கால் வைக்க முடியலன்னு அழுவுது சார்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடிக்கிற வெயிலுக்கு நம்ம ஊருக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் கேட்டது வேடிக்கைக் கேள்வி அல்ல. ஆயாவின் கால் வலிக்கு வழி கேட்டாள். வெப்பம் பாடம் நடந்துகொண்டிருந்த வாரத்தில், வெப்பத்தைப் பற்றி வந்த ஒரே உண்மையான கேள்வி அது. அதைத்தான் நான் உட்கார வைத்தேன்.

அன்று மாலை மனம் உறுத்தியது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தேன். அதில் கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தரைக்கு அடியில் அடுப்பு

கொரியாவில் அதற்கு ஒண்டோல் என்று பெயர். சூடான கல் என்று பொருள். பழைய கொரிய வீட்டில் சமையலறை அடுப்பு அறையின் தரைமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். அடுப்பில் எரியும் விறகின் புகை நேரே மேலே போகாது. பக்கத்து அறையின் தரைக்கு அடியில் கட்டப்பட்ட கால்வாய்கள் வழியே ஊர்ந்து, அறையைக் கடந்து, மறுபுறம் உள்ள புகைபோக்கி வழியே வெளியேறும். கால்வாய்களின் மேல் பலகைக் கற்கள், அவற்றின் மேல் மண் பூச்சு, அதன் மேல் எண்ணெய் ஊட்டிய காகிதம். ஒரே விறகில் சோறும் வேகும், தரையும் காயும். அடுப்புக்கு அருகில் உள்ள பகுதிதான் மிகவும் கதகதப்பாக இருக்கும். அந்த இடத்தை வீட்டுப் பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் கொடுப்பது அவர்கள் மரபு. அந்தப் பெண் தன் ஆயாவுக்குக் கேட்ட இடம் அதுதான்!

ரோமானியர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் குளியல் கூடங்களில் தரையைச் செங்கல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டி, அடியில் நெருப்பின் சூட்டைச் செலுத்தினார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டிலேயே காஷ்மீரத்தில் ஹமாம் என்று உண்டு. பள்ளிவாசல்களிலும் சில வீடுகளிலும் கல் பாவிய அறைக்கு அடியில் விறகு எரிப்பார்கள். பனி கொட்டும் மாதங்களில் ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கல்தரையில்தான் அமர்ந்து பேசுவார்கள்.

இன்று விறகு இல்லை. டைல்ஸுக்கு அடியில் உள்ள சிமெண்ட் படுகையில் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதில் வெந்நீரை ஓட விடுகிறார்கள். அல்லது மின்கம்பி வலையைப் பதிக்கிறார்கள். குளிர்நாடுகளில் இதை விரும்பக் காரணம் உண்டு. சூடான காற்று இலேசானது, மேலே போய்விடும். அறையில் ஹீட்டர் வைத்தால் தலை வேகும், கால் விறைக்கும். தரையே சூடானால் கால் முதலில் கதகதப்பாகும். அதோடு தரை முழுவதும் மெல்லிய வெப்பத்தைக் கதிர்வீச்சாக எல்லாப் பக்கமும் அனுப்பும். சுவர், மேசை, மனித உடல் எல்லாம் அதை வாங்கிக்கொள்ளும். காற்று மிதமாக இருந்தாலே போதும், உடல் சுகமாக உணரும்.

இங்கே ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய தரைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1264, மக்கள் நடமாடும் பகுதியில் தரையின் வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது. குளியலறைக்கு மட்டும் 33 வரை அனுமதி. அறைக்காற்று 20 டிகிரியாக இருக்கும்போது, 29 டிகிரித் தரை ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தைத் தரும். வெளியே பனி பெய்யும் வீட்டுக்கே அது போதும்.

நம் ஊருக்கு வருவோம். சென்னையின் தென்புறத்தில் ஜனவரி மாதத்து அதிகாலையில்கூட வெப்பநிலை சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மே மாதத்தில் பகலும் இரவும் சேர்த்த சராசரியே 30-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மாடி வீட்டின் டைல்ஸ் தரை கோடையில் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அப்படியானால், குளிர்நாட்டுக்காரர் பணம் கொடுத்து எட்ட நினைக்கும் 29 டிகிரியை நம் தரை சித்திரை, வைகாசியில் பைசா செலவில்லாமல் தாண்டிவிடுகிறது.

ஆயாவின் கால் ஏன் குளிர்கிறது?

“அப்படியானால் ஆயா பொய் சொல்லுதா சார்?” என்று அந்தப் பெண் கேட்பாளே! பொய் இல்லை. இங்குதான் நம் பாடம் தொடங்குகிறது.

மார்கழிக் காலையில் அறைக்காற்று 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுவதும் அதே அறையில் கிடந்த டைல்ஸும் 26, மரப்பலகையும் 26, கோரைப் பாயும் 26. மூன்றும் ஒரே வெப்பநிலை. ஆனால் டைல்ஸில் கால் வைத்தால் சில்லென்கிறது, பாயில் வைத்தால் அப்படி இல்லை. நம் பாதம் வெப்பநிலைமானி அல்ல. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. டைல்ஸ் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், நிறைய வாங்கியும் வைத்துக்கொள்ளும். மரத்துக்கும் பாய்க்கும் அந்தத் திறன் குறைவு. 32 டிகிரி வெப்பம் உள்ள பாதம் 26 டிகிரி டைல்ஸைத் தொட்ட கணத்தில், தோலும் டைல்ஸும் சேரும் இடம் ஏறத்தாழ 28-க்கு இறங்கிவிடும். அதே பாதம் 26 டிகிரி மரப்பலகையைத் தொட்டால் 30 அளவில் நிற்கும். அந்த இரண்டு டிகிரிதான் ஆயாவின் முனகல். வயதானவர்களுக்குக் காலில் இரத்த ஓட்டமும் குறைவாக இருக்கும். அதனால் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

வகுப்பில் இதை நிரூபிக்கக் காசு தேவையில்லை. சத்துணவு சாப்பிடும் எவர்சில்வர் தட்டு ஒன்று, பழைய மரப்பலகை ஒன்று. இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது குளிர்ச்சி என்று கேளுங்கள். எல்லாரும் தட்டு என்பார்கள். இப்போது இரண்டின் மேலும் ஒரே அளவு பனிக்கட்டி வையுங்கள். எதில் முதலில் உருகும் என்று கேளுங்கள். குளிர்ச்சியான தட்டில் பனிக்கட்டி நீண்ட நேரம் இருக்கும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். தட்டில்தான் முதலில் உருகும். கையிலிருந்து வெப்பத்தை வேகமாக எடுத்த அதே தட்டு, பனிக்கட்டிக்கு வெப்பத்தை வேகமாகக் கொடுக்கிறது. ‘கடத்தல்’ என்ற சொல்லை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதுங்கள். முன்னால் எழுத வேண்டாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்று முதல் மூன்று வரை உள்ள குழந்தைகள் பெரும்பாலும் தரையில் அமர்ந்துதான் படிக்கிறார்கள். புதிதாக டைல்ஸ் போட்ட வகுப்பறை நமக்குப் பெருமையாக இருக்கிறது. மழைக்காலக் காலையில் அந்தத் தரையில் குழந்தையை வெறுமனே உட்கார வைத்தால், உடம்பு சிறியது, சூட்டை விரைவில் இழக்கும். பாயோ ஜமக்காளமோ விரித்து விடுங்கள். கோடையில் அதைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பாட்டிமார்கள் சித்திரை வெயிலில் சிவப்பு சிமெண்ட் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தார்களே, அதே அறிவியல்தான்.

அந்த மாணவிக்கு மறுநாள் பதில் சொன்னேன். தரைக்கு அடியில் மின்கம்பி பதித்தால் பத்து சதுர மீட்டர் அறைக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் வேண்டும். மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஓடும். வருடத்தில் ஒரு மாதத்து அதிகாலைக்காக அது தேவையில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கனத்த சாக்கோ பாயோ மடித்துப் போடு, வீட்டுக்குள் போட ஒரு மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடு என்றேன். அடுத்த வாரம் வந்து சொன்னாள்: “ஆயா செருப்புப் போட மாட்டேங்குது சார், வீட்டுக்குள்ள செருப்பான்னு திட்டுது. பாய் மட்டும் போட்டுட்டோம். இப்ப அழுவுல.”

ஏழாம் பாடவேளைத் தூக்கம்

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். பங்குனி பிறந்தது. என் எட்டாம் வகுப்பு இரண்டாம் மாடியில், கட்டடத்தின் உச்சித் தளத்தில் இருக்கிறது. ஏழாம் பாடவேளையில் கடைசி வரிசையில் ஒரு மாணவன் தினமும் தூங்குவான். ஒருநாள் கோபத்தில் எழுப்பி, “வெளியே போய் நில்” என்றேன். தாழ்வாரத்தில் நின்றான். பாடவேளை முடிந்ததும் உள்ளே வரச் சொன்னேன். “இங்கயே நிக்கறேன் சார், இங்க காத்து வருது” என்றான். திமிர் என்று நினைத்தேன். மறுநாள் அவன் பலகையில் நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் தலை மேல் யாரோ தோசைக்கல்லைப் பிடித்திருப்பது போல இருந்தது.

அப்போதுதான் ஒண்டோல் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் யாரும் தரைக்கு அடியில் அடுப்பு வைக்கவில்லை. ஆனால் தலைக்கு மேல் வைத்திருக்கிறோம். கான்கிரீட் கூரைதான் அது. விறகு போட ஆள் வேண்டாம், மின்கட்டணம் இல்லை. கொரியாக்காரர் காலுக்குக் கொடுத்த கதிர்வீச்சை நாம் குழந்தைகளின் தலைக்குக் கொடுக்கிறோம்.

கொரோனா காலத்தில் நெற்றிச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானிகள் பள்ளிகளுக்கு வந்தன. நம்மில் பலருடைய தலைமையாசிரியர் அறை அலமாரியில் அது இன்னும் தூங்குகிறது. எங்கள் பள்ளியில் அதை எடுத்து பேட்டரி மாற்றினேன். பல கருவிகளில் உடல், பரப்பு என்று இரண்டு முறைகள் உண்டு. பரப்பு முறைக்கு மாற்றிக்கொண்டால் சுவர், கூரை, தரை எதையும் அளக்கலாம். அந்தக் கருவி வேலை செய்வதே கதிர்வீச்சால்தான். கூரையைத் தொடாமல், கூரை அனுப்பும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி வெப்பநிலையாகக் காட்டுகிறது. கதிர்வீச்சு என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல துணைக்கருவி கிடையாது.

மாணவர்களே அளந்தார்கள். காலை முதல் பாடவேளையில் உச்சித் தளத்துக் கூரையின் உட்புறம் 31. மதியம் இரண்டு மணிக்கு 38. நாலு மணிக்கு 42. அதே நாலு மணிக்குக் கீழ்த்தள வகுப்பறையின் கூரை 33, தரை 30. ஒரே பள்ளி, ஒரே நேரம். மேலே இருக்கும் பிள்ளைக்கும் கீழே இருக்கும் பிள்ளைக்கும் தலைக்கு மேல் ஒன்பது டிகிரி வேறுபாடு.

ஒரு மாணவன் கேட்டான்: “வெயில் பன்னெண்டு மணிக்குத்தானே சார் உச்சி? கூரை ஏன் நாலு மணிக்குச் சூடாவுது?” தன் வெப்ப ஏற்புத்திறன் என்ற கணக்கு ஒன்று பாடத்தில் இருக்கிறதல்லவா? அதை எடுத்தோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் கூரையில் ஒரு சதுர மீட்டரின் எடை ஏறத்தாழ 300 கிலோ. ஒரு கிலோ கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.88 கிலோஜூல் வேண்டும். கூரை முழுவதும் சராசரியாக 15 டிகிரி ஏறுவதாக வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 3,960 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல். ஆக, ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான வெப்பத்தைப் பகலில் சேமித்து வைத்திருக்கிறது. இருபதுக்கு இருபது அடி வகுப்பறையின் கூரை 37 சதுர மீட்டர். நாற்பது யூனிட்! அதில் ஒரு பகுதி இரவு வானத்துக்குப் போகும். மீதி கீழே நம் மேல் இறங்கும்.

இவ்வளவு எடையுள்ள பொருள் சூடாக நேரமாகும், ஆறவும் நேரமாகும். மேற்பரப்பில் நண்பகலில் விழுந்த வெயில் உட்புறம் வந்து சேர மூன்று மணி நேரம்போல் ஆகிறது. பள்ளியில் அது ஏழாம், எட்டாம் பாடவேளை. வீட்டில் அது இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் தொடரும். உச்சி மாடியில் குடியிருக்கும் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவதும் தூங்குவதும் அந்த அடுப்புக்குக் கீழேதான். மறுநாள் காலையில் அவன் கண் எரிச்சலோடு வகுப்புக்கு வருகிறான். நாம் “ராத்திரி முழுக்க செல்போனா?” என்று கேட்கிறோம்.

மின்விசிறி ஏன் போதவில்லை என்பதும் இதனால் விளங்கும். மின்விசிறி காற்றை அசைக்கும், வியர்வையை உலர்த்தும். கதிர்வீச்சை அதனால் தடுக்க முடியாது. நம் தோல் 34 டிகிரி அளவில் இருக்கிறது. சுற்றியுள்ள பரப்புகள் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடல் தன் வெப்பத்தை அவற்றுக்கு அனுப்பி ஆறிக்கொள்ளும். கூரை 42 என்றால் அந்தத் திசையில் செலவு இல்லை, வரவுதான். தலைவலி, தூக்கம், எரிச்சல் எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன. நான் வெளியே நிறுத்திய மாணவனிடம் இதை வகுப்பின் முன் சொல்லி, “நீ சொன்னதுதான் சரி, நான்தான் கவனிக்கவில்லை” என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இன்னைக்கு நான் அளக்கட்டுமா சார்?” என்று வெப்பமானியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

முன்னோர் கட்டிய கூரை

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஓலைக்கூரையும் நாட்டு ஓடும் எடை குறைந்தவை. வெப்பத்தைத் தேக்கி வைக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். பழைய சென்னைக் கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு கூரை உண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு. செங்கல் ஜல்லியில் நுண்துளைகள் நிறைய உண்டு. துளைகளில் காற்று. காற்று எளிதில் வெப்பத்தைக் கடத்தாது. கூரையும் கனம். வெயில் உள்ளே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உயர்ந்த கூரை வேறு. தலைக்கும் கூரைக்கும் இடையே தூரம் கிடைத்தது.

கான்கிரீட் வந்த பிறகும் கொத்தனார்கள் அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். செலவு, நேரம், ஆள் பற்றாக்குறை என்று இன்று பல கட்டடங்களில் அது வெறும் சிமெண்ட் பூச்சாகச் சுருங்கிவிட்டது. சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு கறுத்துவிடும். நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். கறுத்த சிமெண்ட் பரப்பு அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் விழுங்கும். புதிதாக வெள்ளை அடித்த பரப்பு நாலில் ஒரு பங்கு அளவே விழுங்கும், மீதியை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இதை நம் பக்கத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாக்கம் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடிகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசப்பட்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

குளிர்ந்த தரை கூடாதா?

“சூட்டுக்குப் பதிலா தரைக்குக் கீழ குளிர்ந்த தண்ணி விட்டா சார்?” என்று அடுத்த கேள்வி வந்தது. இந்த முறை உட்கார வைக்கவில்லை. நல்ல கேள்வி, செய்திருக்கிறார்கள். பாங்காக்கில் 2006இல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்கு அடியில் குளிர்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதியில் வழக்கமான குளிர்சாதனமும் மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாயும் வைத்து ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுக் கணக்கில், குழாய் வைத்த பாதியைக் குளிர்விக்க 34 விழுக்காடு குறைவான மின்சாரமே செலவானது.

அப்படியானால் தாம்பரத்து வீட்டிலும் வைக்கலாமே? இங்கே ஐஸ் தண்ணீர் டம்ளரை நினைவுபடுத்துங்கள். வெளிப்புறம் வியர்க்கிறது அல்லவா? கடற்காற்று வீசும் கோடை மாலையில் நம் ஊரின் பனிநிலை 25 டிகிரி அளவில் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். கதவு, சன்னல் திறந்த வீட்டில் டைல்ஸ் தரையை 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் தரை முழுதும் ஈரமாகும். ஆயா வழுக்கி விழுவார். விமான நிலையத்திலும் அலுவலகத்திலும் காற்றின் ஈரத்தைத் தனியாக உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு உண்டு. நம் வீட்டில் அது இல்லை. ஆக, பனிநிலை என்ற பாடமும் இந்த ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

முதலாவது, அளந்தோம். ஒரு வாரம், நாளுக்கு மூன்று முறை, எல்லா வகுப்பறைகளிலும் கூரை, தரை, சுவர். வானவில் மன்ற மாணவர்கள் அட்டவணை போட்டு வரைபடம் வரைந்தார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. பளபளக்கும் எவர்சில்வரில் இந்தக் கருவி தவறாகக் காட்டும். பூச்சு அடித்த சுவரிலும் சிமெண்டிலும் சரியாகக் காட்டும். அளவெடுக்கிறேன் என்று பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அனுப்பவே கூடாது. உட்புறத்திலிருந்து அளந்தாலே போதும்.

இரண்டாவது, கால அட்டவணையை மாற்றினோம். நூலகம், கணினி அறை, கைவேலை, விளையாட்டு ஆகிய பாடவேளைகளை உச்சித் தள வகுப்புகளுக்குப் பிற்பகலில் கொடுத்தோம். கணக்கும் அறிவியலும் காலைக்குப் போயின. கீழ்த்தளத்தில் காலியாக இருந்த பொருள் வைப்பறையை ஒதுக்கி, பிற்பகலில் ஒரு வகுப்பை அங்கே இறக்கினோம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. தலைமையாசிரியர் வரைபடத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் சரி என்றார். ‘மேலே ரொம்பச் சூடு’ என்று நாங்கள் பல ஆண்டுகளாக வாயால் சொன்னதை, பிள்ளைகளின் அட்டவணை ஒரே நாளில் சொல்லி முடித்தது.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த வரைபடத்தை வைத்தோம். பெற்றோர் ஒருவர் கொத்தனார். மாடியைக் கழுவி, விரிசல் அடைத்து, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு கை அடித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் நாலு மணிக்கு அளந்தபோது உட்கூரை 37 காட்டியது. வெளிக்காற்று அன்றும் ஏறத்தாழ அதே அளவுதான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

உண்மையை மறைக்கக் கூடாது, அதனால் இதையும் சொல்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு மாடியைப் பார்த்தால் பாதிச் சுண்ணாம்பு கரைந்திருந்தது. மீதியில் பாசி படிந்து கறுத்திருந்தது. மாசி மாதம் அளந்தால் பழைய நிலைக்குப் பாதி திரும்பிவிட்டது. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல, மாசி முடிவதற்குள் மாடிக்கும் அடிக்க வேண்டும். ஒருமுறை செய்து படம் எடுத்து மாட்டும் வேலை அல்ல இது. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் தட்டோடோ நல்ல குளிர்பூச்சோ தேவை, அதற்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு பிள்ளைகளின் அளவீட்டையும் இணையுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் பள்ளியிலிருந்து நான்கு எண்கள் கொண்டு வாருங்கள். உச்சித் தள வகுப்பறையின் கூரை, கீழ்த்தள வகுப்பறையின் கூரை, காலை பத்து மணிக்கும் பிற்பகல் நாலு மணிக்கும். சேலையூர், பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்போம். எந்தக் கட்டடத்தில் தட்டோடு இருக்கிறது, எதில் இல்லை, எதன் மேல் மர நிழல் விழுகிறது என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. சென்ற வாரம் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டாள்: “சார், பாய் போட்டதுல ஆயாவுக்குக் கால் சரியாயிடுச்சு. ஆனா எங்க வீடு மூணாவது மாடி. ராத்திரி ஆயாவுக்குத் தூக்கமே இல்ல. அந்த மெஷினை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவட்டுமா?” கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை கொண்டு வருவாள்.